நிக்கற வண்டியோட சத்தம்

அந்த ஜன்னல் கண்ணாடிய ஏத்திவிட்டாலும் அதிர்றது நிக்காதுங்க. கண்ணாடி மேல குத்தமில்ல. எஞ்சினத் தாங்கற ரப்பரு போயிருச்சு. மூணாவது கியர்ல வர்றப்ப முக்குது பாருங்க, அதுதான். கண்ண மூடிட்டே சொல்லிப்போடுவேன். டிரைவர்கிட்டச் சொன்னா எரிஞ்சு விழுவாரு, சொல்லிப் பாத்திருக்கறேன்.

மெக்கானிக்கான்னு கேக்கறீங்களா? அது இல்லீங்க. கோபியில ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டெண்டு, நாச்சிமுத்துன்னு பேரு. இருபத்தாறு வருசமா அதே லேப். பென் டிரைவப் பையில போடாம எதுக்குக் கையிலயே பொத்திட்டு வர்றீங்கன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியாதுங்க. கரூரே இப்பத்தான் தாண்டியிருக்கறோம். ஈரோடு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்குது, சொல்றேன். கேக்கப் புடிக்கலீன்னா தூங்கிப்போடுங்க, நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்.

எனக்குச் சாராயம் இல்லீங்க, சீட்டாட்டம் இல்லீங்க, வெத்தல பாக்குகூடக் கெடையாது. கம்ப்யூட்டர் ஒன்னுதான். புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்குதுன்னா அத எறக்கிப் போட்டுப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். வேணுமா வேண்டாமாங்கறதெல்லாம் அப்பறம். கேம் ஆடுவேன். இந்தச் சுட்டுத் தள்ற கேம் இல்லீங்க, பஸ் ஓட்டற கேம். சிரிக்கறீங்க பாத்தீங்களா. அம்பத்திரண்டு வயசு ஆளு ஊட்டுல மேசை மேல ஸ்டியரிங்க மாட்டிக்கிட்டு, காலுக்கடியில பெடல வெச்சுக்கிட்டு பஸ் ஓட்டறான்னா சிரிப்பு வரத்தான் செய்யும். என்ற சம்சாரமும் மொதல்ல சிரிச்சா.

வெளிநாட்டுக்காரன் செஞ்ச கேமுங்க அது. அதுல ரோடு பூரா பனி, பஸ்ஸு பூரா கண்ணாடி. நம்மூரு பஸ்ஸு வேணுமின்னா நாமதான் செஞ்சு அதுல சேத்தோணும். அதுக்கு மோட்னு பேரு. வண்டியோட பெயிண்டு, சீட்டு, மேல தொங்கற மணிக்கயிறு, பன்னாரி அம்மன் படம், டிரைவர் தலைக்கு மேல சுத்தற குட்டி ஃபேனு, அத்தனையும் நாமளே வரஞ்சு போட்டா, ஊர்ல இருக்கறவங்கெல்லாம் எறக்கி ஓட்டுவாங்க. நெறயப் பேரு செய்யறாங்க. ஆனா எல்லாரும் பெயிண்டோட நின்னுருவாங்க, சத்தத்துல கோட்ட உட்டுருவாங்க. நம்ம சத்தியமங்கலம் பஸ்ஸுக்குள்ள எவனோ ஜெர்மன்காரன் வண்டி உறுமும். எனக்கு அது ஆகாதுங்க. சத்தம் நெசமா இருக்கோணும்.

அதுக்காகத்தான் ஊரூராப் போக ஆரம்பிச்சேன். காலையில மொத பஸ்ஸு, அப்பத்தான் கூட்டம் இருக்காது. நான் டிரைவருக்குப் பின்னால நின்னுக்கிட்டு, எந்த வளைவுல எந்தக் கியரு, எங்க பிரேக்கு, எங்க ஹாரனுன்னு நோட்ல எழுதுவேன். ரெக்கார்டரக் கம்பளித் துணியில சுத்தி, காத்துப் படாம, எஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட்டுல ஒரு ஆளு மடியில வெச்சுட்டு ஆடாம உக்காரோணும். அந்த ஆளு என்ற வசந்தாமணி.

எங்க போனாலும் அவளக் கூட்டிட்டுத்தானுங்க போவேன். கோபியில எத்தன பேரு சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தறான், சொல்லுங்க பாக்கலாம். ஏற்காடு போனோம், கொல்லிமலை போனோம், வால்பாறை ரெண்டு தடவ. திம்பம் மலைப்பாதை மட்டும் பதினோரு தடவைங்க, இருபத்தேழு வளைவும் அவளுக்கு மனப்பாடம். உனக்குக் குடுத்து வெச்சிருக்குதுடின்னு அவ அக்காகூடச் சொல்லுவா. ஏற்காட்டுல ஏரியப் பாத்தீங்களான்னு கேக்காதீங்க. அதே வண்டியில திரும்போணுமில்ல, எறக்கத்துல பிரேக் சத்தமே வேற.

எஞ்சின் பக்கத்துல சூடு அடிக்குமுங்க. அவ ஒன்னும் சொல்ல மாட்டா. ஒரு துண்ட நனச்சுக் கழுத்துல போட்டுக்குவா. அவகிட்ட இருந்த ஒரே கொற வாயிதான். மானு நின்னா சொல்லோணும், மயிலு பறந்தா சொல்லோணும், யாரோ ஒரு பொம்பள கைப்புள்ளையோட ஏறுனா அந்தப் புள்ளைக்கு எத்தன மாசம்னு கேக்கோணும். மைக்கு இருக்கறதோ அவ மடியில. எஞ்சின் சத்தத்தவிட அவ சத்தம்தான் பெருசா விழும். நான் எத்தன சொல்லியும் கேக்கலீங்க. அப்பறம் ஒரு ஏற்பாடு பண்ணேன். நான் கைய மேல தூக்குனா பேச்சு நிக்கோணும். கைய எறக்குனாப் பேசலாம். அத மட்டும் அவ கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. நான் கைய எறக்கற வரைக்கும் என்ற கையவே பாத்துட்டிருப்பா.

அப்படியும் அங்கங்க மறந்து பேசிப்போடுவா. அத எடுக்கறதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குதுங்க, அருமையான சாஃப்ட்வேரு. மொதல்ல அதுக்கு ஒரு துண்டக் காட்டி, இதுதான் இரைச்சல்னு சொல்லிக் குடுக்கோணும். அவ பேசுனதுல ஒரு துண்ட வெட்டி, இதுதான் இரைச்சல்னு காட்டுவேன். அது கத்துக்கிட்டு மிச்ச எடமெல்லாம் தேடித் தேடி எடுத்துப்போடும். எஞ்சின் மட்டும் பளிச்சுன்னு நிக்கும். வேல முடிஞ்சதும் பழசெல்லாம் அழிச்சிருவேன். வெறுமனே அழிச்சா டிஸ்க்குல மிச்சம் மீதி ஒட்டிட்டிருக்குமுங்க, அதனால மேல பூஜ்ஜியமா எழுதி நெரப்பிருவேன். லேப்ல பழகுன பழக்கம். எதுலயும் எனக்குச் சுத்தம் வேணும்.

இதுல ரொம்ப முக்கியம் எது தெரியுங்களா? வண்டி ஓடற சத்தம் இல்ல, நிக்கற வண்டியோட சத்தம். ஸ்டாப்புல ஆளு ஏர்றப்ப, எறங்கறப்ப, அந்த உறுமல் ஓடிட்டே இருக்கோணும். அதுக்குன்னு மணிக்கணக்கா ரெக்கார்டு வேண்டியதில்லீங்க. நல்லதா ஆறு செகண்டு வெட்டி எடுத்து, வாலையும் தலையையும் ஒட்டிட்டாப் போதும், சுத்திச் சுத்தி அதே வந்துட்டிருக்கும். வண்டிய எடுத்தாத்தான் நிக்கும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, மாசி மாசம், திம்பம் ஏறித் தாண்டி ஆசனூர்ல அது மாட்டுச்சு. டிரைவர் எஞ்சின நிறுத்தாம டீ குடிக்க எறங்கிட்டாரு. நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆகாத வண்டிங்க அது. எனக்குப் பழம் நழுவிப் பாலுல விழுந்தாப்புல ஆயிருச்சு. வசந்தாவப் பாத்துக் கைய மேல தூக்கிக் காட்டிட்டு நானும் எறங்கிட்டேன். டிரைவர்கூட நின்னுட்டு கிளட்ச்சப் பத்திப் பேசுனேன். நல்ல மனுசன், எல்லாம் வெவரமாச் சொன்னாரு. பத்து நிமிசம் போயிருக்கும். திரும்ப ஏறுனப்பக் கைய எறக்கிக் காட்டுனனா இல்லியான்னு சத்தியமா ஞாபகமில்லீங்க.

சித்திரையில அந்த மோட வெளிய உட்டேன். திம்பம் ரூட்டு, மொத வெர்ஷன். பதினெட்டாயிரம் பேரு எறக்குனாங்க. கேம் ஆடறவங்க குரூப்ல ஒரே பாராட்டு. மூணாம் நாளு ஒருத்தன் எழுதறான், அண்ணா, வண்டி நிக்கறப்ப ஒரு பொம்பளையாட்ட சத்தம் கேக்குதேன்னு. இன்னொருத்தன் பேய் பஸ்ஸுன்னு எழுதி சிரிப்புப் படம் போடறான். எனக்கு மானமே போச்சுங்க. எடுத்துப் பாத்தா, ஆசனூர் ஆறு செகண்டுக்கு ஸ்க்ரீன்ல விழற சத்தக் கோட்டுல, நடுவுல ஒரு சின்ன மேடு. சாஃப்ட்வேர் சரியா எடுக்கல. என்ற பழைய ஸ்பீக்கர்ல அது எனக்குக் கேக்கவும் இல்ல.

அவளக் கூப்பிட்டு ஸ்க்ரீன்ல காட்டுனேன். பாரு, உன்னால எம்பேரு கெட்டுப்போச்சுன்னேன். அவ கண்ணாடியப் போட்டுட்டு வந்து குனிஞ்சு பாத்தா. "இது நானுங்களா? இத்துணூண்டு இருக்கறனே" அப்படின்னா. என்ன பேசுனன்னு போட்டுக் காட்டச் சொன்னா. எனக்கிருந்த கோவத்துல அதெல்லாம் ஒன்னும் வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்தத் துண்ட வெட்டிப் போட்டுட்டு வேற எடத்துலருந்து ஆறு செகண்டு எடுத்து ஒட்டி, அன்னைக்குப் பொழுதோடவே ரெண்டாவது வெர்ஷன் உட்டுட்டேன். எல்லாருக்கும் தானா மாறிருச்சு. பேயும் போச்சு.

அதுக்கப்பறம் அவ எங்கூட வரலீங்க. இடுப்பு வலிக்குது, உக்கார முடியல, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டா. கோவத்த இப்படிக் காட்டறாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். எனக்கு மட்டும் கோவம் வராதா? நானும் வீம்புக்குத் தனியாவே போனேன். ரெக்கார்டர சீட்டுல கயிறு போட்டுக் கட்டிட்டுப் போனேன். ஒரு பேச்சுச் சத்தம் இல்ல. அத்தன சுத்தமா என்னிக்கும் வந்ததில்லீங்க.

அடுத்த பொங்கலப்ப ஒரு நாளு சமையக்கட்டுலயே விழுந்துட்டா. ஸ்கேன் எடுத்தாங்க. கர்ப்பப்பைன்னாங்க, அதத் தாண்டிப் போயிருச்சுன்னாங்க. எத்தன நாளா வலின்னு டாக்டரம்மா கேக்குது. போன தையிலருந்துங்கறா. ஒரு வருசம்! ஒரே ஊட்டுல ஒரே தட்டுல சாப்பிட்டவனுங்க நான். அவ அக்காளுக்குத் தெரிஞ்சிருக்குது. பக்கத்து ஊட்டு டெய்லர் அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லல. இத நான் யாருகிட்டச் சொல்லி அழுவறது, சொல்லுங்க. சாவுக்கு வந்தவங்ககிட்டெல்லாம் அதத்தான் சொன்னேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தாக் காப்பாத்தியிருப்பனே, சொல்லாமப் போயிட்டாளேன்னு. சித்திரையில போனாளுங்க. நாலே மாசம்.

கருமாதி முடிஞ்சு எல்லாரும் கெளம்புனப்ப எம்புள்ள தாரணி வந்து பக்கத்துல உக்காந்துச்சு. பெங்களூர்ல இருக்குது, ஒரே புள்ள. அப்பா, அம்மா பேசுனது ஏதாச்சும் ஒன்னு குடுங்கப்பா, எனக்குக் கேக்கோணும்னுச்சு. வசந்தாகிட்ட இருந்தது பட்டன் போனு. கல்யாண வீடியோவுல நாயனமும் சினிமாப் பாட்டுந்தான். நாங்க போன எடத்துலயெல்லாம் வீடியோ இருக்குது, அதுல ரோடுதான் இருக்குது. அதனால புள்ள எங்கிட்டக் கேக்குது. "எத்தன வருசமா ரெக்கார்டு பண்ணீங்க, அம்மா மடியிலதான மைக்கு இருந்துச்சு?" அப்படிங்குது.

இருக்குது அம்மிணி, தேடித் தர்றேன்னு சொன்னேன். தேடுனேன். அழிஞ்சத மீட்டெடுக்கற சாஃப்ட்வேர் எத்தன இருக்குதோ அத்தனையும் போட்டேன். நாலு டிஸ்க்கு, மாசக்கணக்கா ராப்பகலா ஓடுச்சு. கியர் பாக்ஸ் போட்டோவெல்லாம் திரும்பி வந்துச்சுங்க. நான் பூஜ்ஜியம் எழுதுன எடத்துல பூஜ்ஜியந்தான் இருந்துச்சு. என்ற வேலையில நானே ஒரு ஓட்ட கண்டுபுடிக்க முடியல. எஞ்சின் சத்தம் மட்டும் நாப்பது மணி நேரம் இருக்குது. புள்ளகிட்ட உண்மையச் சொன்னேன். அது ஒன்னும் திட்டலீங்க. சரிங்கப்பான்னு போன வெச்சிருச்சு. அதுக்கப்பறம் சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களான்னு கேக்கறதோட சரி.

அப்பத்தான் அந்த மொத வெர்ஷன் ஞாபகம் வந்துச்சு. குரூப்ல எழுதுனேன். திம்பம் மோட் மொத வெர்ஷன் யாருகிட்டயாச்சும் இருக்குதுங்களா, தயவு பண்ணிப் பாருங்கன்னு. காரணமும் எழுதுனேன், எழுதறதுக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு. பேய் பஸ்ஸுன்னு எழுதுனானே, அவன்கூட அவன் டிஸ்க்கத் தேடிப் பாத்துட்டு, அண்ணா மன்னிச்சுக்குங்கன்னு எழுதுனான். யாருகிட்டயும் இல்ல. எல்லாருக்கும்தான் நான் மாத்தி உட்டுட்டனே.

பதினொன்னாம் நாளு ஒரு போனு. பள்ளப்பட்டியிலருந்து காதர் மொய்தீன்னு ஒருத்தரு. முப்பது வருசம் லாரி ஓட்டுனவருங்க. சக்கரையில ஒரு கண்ணு போயி லைசென்ஸும் போயிருச்சு. வண்டி ஓட்டாம மனுசன் கிறுக்குப் புடிச்சாப்புல இருக்கறாருன்னு அவரு மருமகன் இந்தக் கேமப் போட்டுக் குடுத்திருக்கறாரு, என்ற திம்பம் மோடையும் அது வந்த வாரமே பென் டிரைவ்ல கொண்டாந்து ஏத்தியிருக்கறாரு. ஊட்டுல நெட்டு கெடையாது. நெட்டு இல்லாததால மாறவே இல்ல. அந்த மருமகன்தான் குரூப்ல பாத்துட்டு அவருகிட்டச் சொல்லியிருக்கறாரு. "அந்தம்மா குரல்தானே தம்பி? இருக்குது, வாங்க" அப்படின்னாரு. என்ன பேசுதுன்னு போன்லயே கேட்டிருக்கலாம். கேக்கறதுக்கு எனக்கு மனசு துணியலீங்க.

இன்னைக்குக் காலையில போனேன். சின்ன ஊடு. மேசையில கம்ப்யூட்டரு, அதுக்குப் பக்கத்துலயே அவரோட பழைய லாரி போட்டோ. அவங்க ஊட்டம்மா டீ கொண்டாந்து வெச்சாங்க. பாய் என்னய அவரு நாற்காலியில உக்கார வெச்சாரு. ஆசனூர் ஸ்டாப்பு. சாவியப் போட்டாரு. எஞ்சின் பிடிச்சுச்சு. நான் வரஞ்ச பஸ்ஸு, நான் வரஞ்ச மணிக்கயிறு. அந்த உறுமலுக்கு அடியில, சன்னமா, தயங்கித் தயங்கி ஒரு குரலு.

"இப்பப் பேசட்டுங்களா?"

அவ்வளவுதானுங்க. ஆறு செகண்டு போயி மறுபடி. இப்பப் பேசட்டுங்களா. மறுபடி ஆறு செகண்டு.

பாய் என்ற தோளப் புடிச்சுக்கிட்டாரு. "தினமும் கேக்கும் தம்பி. யாரு பெத்த புள்ளையோ. கேக்கறதுக்குப் பதில் சொல்லாம எப்படி வண்டிய எடுக்கறது? பேசும்மான்னு சொல்லிட்டுத்தான் நான் எடுப்பேன்" அப்படின்னாரு. ரெண்டு வருசமாச் சொல்லிட்டிருக்கறாருங்க. முன்ன பின்னத் தெரியாத மனுசன்.

மாசியில எடுத்த ரெக்கார்டுங்க அது. தையிலருந்து வலின்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னா. கணக்குல நான் கெட்டிக்காரன்தான், ஆனா அந்தக் கணக்க மட்டும் போட மாட்டேன்னு வெச்சிருக்கறேன். டீ வேணும்னு கேக்க வந்திருப்பா. இல்லாட்டி மானு ஏதாச்சும் நின்னிருக்கும், ஆசனூர்ல மானு நெறைய நிக்கும். அப்படித்தானுங்க இருக்கும்? நீங்களும் பொண்டாட்டி புள்ளயோட இருக்கறவரு, சொல்லுங்க, அப்படித்தான இருக்கும்?

பாய் அந்த ஃபைல பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டாரு. புள்ளைக்கு அனுப்போணும். கேட்டுட்டு, அப்ப நீங்க என்னப்பா சொன்னீங்கன்னு கேக்குமில்லீங்களா.

கெளம்பறதுக்கு முன்னால இன்னொருக்கா நாற்காலியில உக்காந்தேன். மிதிங்க தம்பி, வண்டி போகும்னாரு பாய். காலு பெடல் மேலதான் இருந்துச்சு. மிதிச்சா சத்தம் மாறிரும், அவ நின்னுருவா. நான் மிதிக்கலீங்க. ஸ்க்ரீன்ல ஆளுகெல்லாம் ஏறி உக்காந்தாச்சு, கண்டக்டர் விசிலும் குடுத்தாச்சு, வண்டி அங்கயே நிக்குது. பாய் சொல்றாரே, அந்த வார்த்தைய நானும் சொன்னேன். பேசு வசந்தா, பேசுன்னு வாய் விட்டே சொன்னேன். அது வெறும் ரெக்கார்டுங்க, நாம சொல்றது அதுக்கு எப்படிக் கேக்கும்? ஆறு செகண்டு போயி, மறுபடியும் பேசட்டுங்களாங்கறா.